முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள்

 

நாட்கணக்கின் அருமையை நன்குணர்ந்த சமுதாயம் நம்முடையது. பிறை தென்பட்டால் மறுநாள் நோன்பு. தென்படாவிடில் ஷஃபான் முப்பது. இத்தா நிறைவுற ஒரு நாள் எஞ்சியிருக்கையில் செய்யப்படும் நிக்காஹ், நிக்காஹே ஆகாது. ஜகாத்தின் ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது பொருள் முழுவதையும் இழந்துவிட்டவன் மீது அவ்வாண்டின் ஜகாத் கடமையாவதில்லை. ஒரு நாள்தானே என்று நம் மார்க்கச் சட்டத்தில் எவரும் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது.

இம்மாதம் நாம் காணவிருப்பதும் ஒரு நாளைப் பற்றிய செய்தியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், குற்றத் தண்டனையில் அந்த ஒரு நாள் கூடினால் ஒருவன் மனைவி மக்களை விட்டு நாடு கடத்தப்படுகிறான். குறைந்தால் தன் வீட்டிலேயே இருக்கிறான். அந்த ஒரு நாளைக் குறைப்பதற்காக அந்நாட்டு மாநிலங்கள் சில தம் சட்டங்களையே திருத்தியிருக்கின்றன. நம் ஊர்களிலிருந்து அங்கே படிக்கவும் பணியாற்றவும் குடியேறவும் சென்ற பிள்ளைகள் இன்று பலர். ஆகவே இதனை அறிந்து வைத்திருப்பது நமக்கும் பயனுடையது.

இரு அரசுகள், இரு அளவுகோல்கள்

நம் நாட்டில் குற்றங்களுக்கான பொதுத் தண்டனைச் சட்டம் ஒன்றே. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. திருச்சியில் செய்த திருட்டுக்கு ஒரு தண்டனை, பாட்னாவில் செய்த திருட்டுக்கு வேறொரு தண்டனை என்று அது கூறுவதில்லை.

அமெரிக்காவின் அமைப்பு வேறு. அங்கே ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கெனத் தண்டனைச் சட்டங்களை இயற்றிக் கொண்டுள்ளன. கடையில் பொருளைத் திருடுதல், அடிதடி, பொய்க் கையெழுத்து ஆகிய அன்றாடக் குற்றங்களை விசாரிப்பவை பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களே. ஆனால் வெளிநாட்டவரை நாட்டில் இருக்க விடுவதா, வெளியேற்றுவதா என்பது முழுக்க முழுக்க மத்திய அரசின் அதிகாரம். குற்றத்தை அளப்பது மாநிலம். அந்த அளவைப் பார்த்து நாடுகடத்துவது மத்திய அரசு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த ஒரு நாள் நிற்கிறது.

மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்தில் இரண்டு விதிகளை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, 'அக்ரவேட்டட் ஃபெலனி' எனப்படும் கடுங்குற்றப் பட்டியல். கொலை, போதைப்பொருள் வணிகம் போன்றவற்றோடு, திருட்டு, வன்செயல், போலி ஆவணம் முதலிய சிலவும் இதில் உண்டு. பின்னவற்றுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனை ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால் அவை கடுங்குற்றம் ஆகிவிடும். மாநிலச் சட்டம் அதனைச் சிறுகுற்றம் என்றே அழைத்தாலும் மத்திய சட்டம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாவது, ஒழுக்கக்கேடான குற்றம் பற்றிய விதி. திருட்டும் மோசடியும் பொதுவாக இவ்வகையில் அடங்கும். ஒருவர் அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் இத்தகைய குற்றமொன்றைச் செய்து, அக்குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்குமானால், அவரை நாடு கடத்தலாம். இங்கே விதிக்கப்பட்ட தண்டனை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை; எவ்வளவு விதித்திருக்கக் கூடும் என்பதே கேள்வி. நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டிருந்தாலும் சட்டப் புத்தகத்தில் ஓராண்டு என்று எழுதியிருந்தால் போதும்.

கருணையே வினையாவது

எங்கள் மதரஸாவின் இலக்கண நூல்களில் எடுத்துக்காட்டு என்றாலே ஜைதும் அம்ருவும்தாம் வருவார்கள். அவ்விருவரையே இங்கும் அழைத்துக் கொள்வோம்.

இருவரும் சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டு பெற்று, இருபது ஆண்டுகளாக அங்கே வாழ்பவர்கள். இருவரும் ஒரே விதமான திருட்டுக் குற்றத்தை ஒப்புக் கொள்கின்றனர். ஜைதுக்கு நீதிபதி ஆறு மாதச் சிறை விதிக்கிறார். அவன் சிறைக்குச் சென்று காலத்தைக் கழித்து வெளியே வருகிறான். அம்ருவுக்குச் சிறு குழந்தைகள் இருப்பதையும் அது அவனது முதற்குற்றம் என்பதையும் எண்ணி இரங்குகிறார் நீதிபதி. 365 நாள் சிறை என்று எழுதி, அதனை முழுவதுமாக நிறுத்தி வைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அம்ரு சிறையில் ஓர் இரவு கூடக் கழிக்கவில்லை.

இவ்விருவரில் நற்பேறு பெற்றவன் யார் என்று கேட்டால் நாமெல்லோரும் அம்ரு என்போம். மத்திய அரசின் சட்டமோ மாறாகக் கூறுகிறது. நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையும் விதிக்கப்பட்ட தண்டனையே என்பது அதன் விதி. ஆகவே ஆறு மாதம் சிறையில் இருந்த ஜைது கடுங்குற்றவாளி அல்லன். ஒரு நாளும் சிறை காணாத அம்ரு கடுங்குற்றவாளி. அம்ரு ஜாமீனின்றித் தடுத்து வைக்கப்படுவான். இருபதாண்டு வாழ்வையும், அந்நாட்டிலேயே பிறந்த குழந்தைகளையும் காரணம் காட்டி விலக்குக் கேட்கும் வழி அவனுக்கு அடைக்கப்பட்டிருக்கும். அடைக்கலம் கோரவும் இயலாது. வெளியேற்றப்பட்ட பின் அரசின் தனி அனுமதியின்றி வாழ்நாள் முழுவதும் திரும்ப முடியாது. நீதிபதி 364 என்று எழுதியிருந்தால் இவற்றில் எதுவும் நேர்ந்திராது.

இன்னோர் எடுத்துக்காட்டு. கிரீன் கார்டு பெற்று மூன்றாண்டுகளே ஆன இருவர், 900 டாலர் மதிப்புள்ள பொருளைத் திருடியதாகத் தீர்ப்புப் பெறுகின்றனர். ஒருவர் நியூயார்க் மாநிலத்தவர், மற்றவர் டெக்சாஸ் மாநிலத்தவர். இருவருக்கும் அபராதம் மட்டுமே என்று வைத்துக் கொள்வோம். நியூயார்க்கில் அக்குற்றத்துக்கு இன்று உச்சத் தண்டனை 364 நாட்கள், டெக்சாஸில் ஓராண்டு. மேலே கண்ட இரண்டாவது விதியின்படி டெக்சாஸ்காரரை நாடு கடத்தலாம்; நியூயார்க்காரரை அந்த ஒரு குற்றத்துக்காக அவ்விதியின் கீழ் நாடு கடத்த முடியாது. செயல் ஒன்று, பொருளின் மதிப்பு ஒன்று, அபராதமும் ஒன்று. வேறுபட்டது மாநில எல்லைக் கோடு மட்டுமே.

சட்டம் இறுகிய வரலாறு

இந்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1917-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், தண்டனை வழங்கும் நீதிபதிக்கே ஓர் அதிகாரத்தைத் தந்திருந்தது. இவரை நாடு கடத்த வேண்டாம் என்று தீர்ப்பளித்த முப்பது நாட்களுக்குள் அவர் பரிந்துரைத்தால் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டும். குற்றவாளியை நேரில் கண்டு, குடும்ப நிலையைக் கேட்டறிந்தவர் கையில் அந்த முடிவு இருந்தது நியாயமான ஏற்பாடே. 1990-இல் அவ்வதிகாரம் நீக்கப்பட்டது.

கடுங்குற்றம் என்னும் சொல் குடியேற்றச் சட்டத்தில் நுழைந்தது 1988-இல். அப்போது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் ஆகியவையே அதன் பொருள். 1990-இல் ஐந்தாண்டுகளுக்குக் குறையாத தண்டனை பெற்ற வன்செயல்கள் சேர்க்கப்பட்டன. 1996 செப்டம்பர் 30 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தினால் அந்த ஐந்தாண்டு ஓராண்டாகச் சுருங்கியது. மோசடிக் குற்றத்தில் 2,00,000 டாலர் என்றிருந்த இழப்பின் வரம்பு 10,000 டாலராகக் குறைந்தது. நிறுத்தி வைத்த தண்டனையும் தண்டனையே என்று வரையறுத்ததும் இதே சட்டம்தான். கடுங்குற்றத்தின் புதிய வரையறை பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்று அது கூறிற்று. பல்லாண்டுகளுக்கு முன் சிறு தண்டனை பெற்று, அதனை மறந்தே போய், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இதனால் திடீரெனக் கடுங்குற்றவாளிகள் ஆயினர்.

பெருங்குற்றவாளிகளைப் பிடிக்க விரித்த வலை இது. அதன் கண்கள் சிறுத்துக் கொண்டே போனமையால் சிறு மீன்களும் அகப்பட்டன.

ஒரு நாளைக் குறைத்த மாநிலங்கள்

மத்திய சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை. தம் சொந்தத் தண்டனைச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உண்டு. இதனை முதலில் செய்துகாட்டியது வாஷிங்டன் மாநிலம். தலைநகரான வாஷிங்டன் வேறு, மேற்குக் கரையில் உள்ள இம்மாநிலம் வேறு. 2011-இல் அது, சிறுகுற்றங்களில் பெரிய வகைக்கு இருந்த 365 நாள் உச்சத் தண்டனையை 364 நாளாக்கிற்று. அதற்கான காரணத்தையும் மறைக்காமல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அம்மாநிலத்தின் தண்டனை முறைப்படி சில பெருங்குற்றங்களுக்கே ஓராண்டுக்குக் குறைவான தண்டனைதான் விதிக்க முடியும். அவற்றைச் செய்தவர் தப்பிவிட, சிறுகுற்றம் செய்தவர் நாடு கடத்தப்படுகிறார். இது பொருத்தமற்ற விளைவு என்பதே அதன் சாரம்.

2013-இல் நெவாடா இவ்வழியைப் பின்பற்றியது. கலிபோர்னியாவின் திருத்தம் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் ஓரிகன், 2019-இல் நியூயார்க், கொலராடோ, யூட்டா, 2023-இல் மின்னசோட்டா என்று பட்டியல் நீண்டது. யூட்டா மாநிலம் குடியரசுக் கட்சியின் செல்வாக்குக்கு உட்பட்டது என்பதைக் கருதினால், இது ஒரு கட்சியாரின் கருத்து மட்டுமன்று என்பது விளங்கும்.

ஆயினும் இக்கேடயத்தின் அளவு சிறிது. கலிபோர்னியா தன் திருத்தம் பழைய தீர்ப்புகளுக்கும் செல்லும் என்று மறு சட்டம் இயற்றியது. ஆனால் குற்றத்தீர்ப்பு வந்த நாளில் உச்சத் தண்டனை ஓராண்டாக இருந்தால் அதுவே கணக்கு என்று 2018-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் கூறிவிட்டது. 2021-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது. சென்றுபோன ஒரு நாளை மாநிலம் திருப்பிக் கொணர முடியவில்லை.

மேலும், தண்டனையின் நீளத்தைப் பாராமலே நாடு கடத்தத்தக்க குற்றங்களும் உள்ளன. போதைப்பொருள் குற்றம் அவற்றுள் ஒன்று. சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவை ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டும் விலக்கு உண்டு. கஞ்சாவை அனுமதித்த மாநிலங்கள் பல இருப்பினும், மத்திய சட்டத்தில் அது விலக்கப்பட்ட பொருளே. மனைவியையோ குழந்தையையோ துன்புறுத்தும் குற்றமும், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருத்தலும் இவ்வகையே. வெவ்வேறு சந்தர்ப்பங்களில் செய்த ஒழுக்கக்கேடான குற்றங்கள் இரண்டு சேர்ந்துவிட்டாலும் நாட்கணக்குக்கு இடமில்லை. 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டமோ இன்னும் முன்னே செல்கிறது. உரிய அனுமதியோ ஆவணமோ இன்றி உள்ளவர் மீது கடைத் திருட்டு போன்ற குற்றச்சாட்டு எழுந்தாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், அவரைத் தடுத்து வைக்க வேண்டும் என்கிறது அது.

இது 'ஹீலா' ஆகுமா?

இங்கே சிந்திக்கும் வாசகர் ஒருவர் வினவக்கூடும்: ஆண்டு முடியும் தறுவாயில் பொருளை மனைவி பெயருக்கு மாற்றி ஜகாத்திலிருந்து நழுவுகிறவனுக்கும், 365-ஐ 364 ஆக்கி மத்திய சட்டத்திலிருந்து நழுவும் மாநிலத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஹீலா எனப்படும் தந்திரம்தானே?

கேள்வி தகுதியுடையது, அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. ஹீலாக்களைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஸஹீஹுல் புகாரியில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. ஹனஃபி நூல்களிலும் தனி அத்தியாயங்கள் உண்டு. அவர்களுடைய விவாதத்தின் மையம் நோக்கமே. ஏழையின் உரிமையைப் பறிப்பதற்காக, கடமையை நீக்கிக் கொள்வதற்காகச் செய்யும் தந்திரம் கண்டிக்கத்தக்கது. அவ்வாறு செய்தாலும் ஜகாத் நீங்காது என்று சொன்ன இமாம்களும் உளர். எவருடைய உரிமையையும் பறிக்காமல், அநீதியிலிருந்தும் கடும் நெருக்கடியிலிருந்தும் நேர்மையாக வெளியேறும் வழியோ வேறு. அதனை மக்ரஜ் என்பர். வெளியேறும் வாசல் என்பது அதன் பொருள்.

மாநிலங்கள் செய்தது எவ்வகை? திருடியவன் குற்றமற்றவன் என்று அவை கூறவில்லை. சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதிபதி இழக்கவில்லை. இழந்தது ஒரு நாளை மட்டுமே. பொருளை இழந்தவரின் உரிமையும் குறையவில்லை. சட்டமன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து, காரணத்தை எழுதி வைத்துச் செய்யப்பட்டது இது. குற்றத்தின் அளவைத் தீர்மானிப்பது மாநிலத்தின் உரிமை. அவ்வுரிமையை அது பயன்படுத்திற்று. இதனை மக்ரஜ் என்று கருதுவதற்கே காரணம் மிகுதி.

தண்டனையா, தண்டனை இல்லையா?

இவையனைத்துக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. நாடு கடத்துவது தண்டனையா? 1893-இல் சீனத் தொழிலாளர் சிலரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாடுகடத்தல் குற்றத்துக்கான தண்டனை அன்று என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் மூவர் அதற்கு உடன்படவில்லை. ஆயினும் அத்தீர்ப்பின் நிழலிலேயே அந்நாட்டுச் சட்டம் இன்றளவும் நடக்கிறது. தண்டனை இல்லையாதலால், குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பது போல் குடியேற்ற நீதிமன்றத்தில் கிடைப்பதில்லை. தண்டனை இல்லையாதலால், பின்னர் இயற்றிய சட்டத்தைப் பழைய செயலின் மீது ஏவவும் தடையில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை எப்படிக் காண்கின்றன? ஊரை விட்டு வெளியேற்றுதல் அவற்றில் தண்டனைகளின் பட்டியலிலேயே இடம்பெறுகிறது. மணமாகாதவரின் விபச்சாரக் குற்றத்தில், கசையடியுடன் ஓராண்டு ஊர் நீக்கமும் தண்டனையின் பகுதியே என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில் அது வரையறுத்த தண்டனையின் பகுதியன்று. ஆட்சியாளர் நலன் கருதினால் விதிக்கலாம். கருத்து வேறுபாடு இருப்பினும், ஊரை விட்டு அகற்றுவது மனிதனை வருத்தும் செயல் என்பதில் இரு சாராரும் ஒன்றே. வருத்துவதால்தான் அதற்குப் பெயரும் அளவும் வைத்தனர். ஓராண்டு முடிந்தால் அவன் வீடு திரும்பலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிந்தபோது கொண்ட துயரத்தை ஆண்டுதோறும் மேடைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு, பிறந்து வளர்ந்த மண்ணின் பிரிவு எத்தகையது என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு நெறியும் இங்கே நினைவுகூரத் தக்கது. நீதிபதி தம் விருப்பின்படி விதிக்கும் தஃஸீர் தண்டனை, மார்க்கம் வரையறுத்த ஹத்துத் தண்டனையின் அளவை எட்டிவிடக் கூடாது என்பது சட்ட அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. சிறு குற்றத்தின் தண்டனை பெருங்குற்றத்தின் தண்டனையை விஞ்சக் கூடாது என்னும் நீதி அதனுள் பொதிந்துள்ளது. வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் எழுதி வைத்த காரணமும் ஏறத்தாழ இதுவே. நீதியின் அளவுகோல் எங்கே நேராகப் பிடிக்கப்பட்டாலும் அதனைப் பாராட்டுவது முஸ்லிமின் கடமை.

'திருடனுக்காக ஏன் பரிந்து பேச வேண்டும்?' என்பார் சிலர். திருட்டை எவரும் நியாயப்படுத்தவில்லை. திருடியவன் அதற்குரிய தண்டனையை அனுபவிக்கட்டும். அனுபவித்து முடித்தபின், அவனுடைய மனைவி கணவனின்றியும் குழந்தைகள் தந்தையின்றியும் வாழ வேண்டும் என்று எந்த நீதிபதி தீர்ப்பளித்தார்? எவரும் தீர்ப்பளிக்கவில்லை. நாட்காட்டியில் ஓர் எண் தீர்ப்பளித்துவிட்டது. அளவின்றியும், ஆளைக் காணாமலும் வந்து சேரும் அத்துயரத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

நம் வீடுகள் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் மகனோ மகளோ மருமகனோ வாழும் குடும்பத்தார் சில செய்திகளை அவர்களுக்கு எழுதியோ தொலைபேசியிலோ சொல்லி வைப்பது நலம்.

முதலாவது, எந்தக் குற்றச்சாட்டாயினும், 'ஒப்புக் கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்' என்று எவர் சொன்னாலும், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேளாமல் ஒப்புக் கொள்ள வேண்டாம். அந்நாட்டில் பெரும்பாலான குற்ற வழக்குகள் விசாரணையின்றி, ஒப்புதலின் பேரிலேயே முடிகின்றன. நாற்பதாண்டு காலம் சட்டப்படி அங்கு வாழ்ந்து, வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையிலும் பணியாற்றிய ஒருவர், இவ்வளவு காலம் இங்கிருந்துவிட்ட உமக்கு அச்சமில்லை என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக் கொண்டார், நாடுகடத்தலை எதிர்கொண்டார். படில்லா எதிர் கென்டக்கி எனப்படும் அவ்வழக்கில், 2010 மார்ச் 31 அன்று, ஒப்புதலால் நாடுகடத்தல் நேரிடுமா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அதனைக் கேட்பது நம் பிள்ளைகளின் உரிமை. கூச்சப்படாமல் கேட்கட்டும்.

இரண்டாவது, 'நன்னடத்தையுடன் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும்; இது குற்றத்தீர்ப்பே அன்று' என்று மாநில நீதிமன்றம் கூறுவதை அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாது. குற்றத்தை ஒப்புக் கொண்டு, சிறிதளவேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது குற்றத்தீர்ப்பே.

மூன்றாவது, சிறை எவ்வளவு என்பதோடு, தாளில் எழுதப்பட்டது எத்தனை நாள், அக்குற்றத்துக்கு அம்மாநிலச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் எத்தனை நாள் என்னும் இரு எண்களையும் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, கைதான வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி அனுப்புமாறு கேட்கலாம். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அவ்வுரிமையைத் தருகிறது. இந்தியர் கேட்டால்தான் செய்தி செல்லும் என்பதால், கேட்க மறக்கக் கூடாது.

ஐந்தாவது, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை இவ்விதிகளால் நாடு கடத்த இயலாது. அங்கேயே நிலைத்து வாழ முடிவு செய்துவிட்டவர்கள், தகுதி வந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுவது நல்லதன்று. பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றால், அவருடன் கிரீன் கார்டில் வாழும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது தானே கிடைக்கிறது. குடியுரிமையை மாற்றுவது சொத்து, வாக்குரிமை முதலியவற்றோடு தொடர்புடையதாகையால் குடும்பத்தோடு கலந்து முடிவு செய்க.

இவையெல்லாம் வந்த துன்பத்திலிருந்து மீளும் வழிகள். வராமல் காக்கும் வழி நாமறிந்ததே. பிறர் பொருளை விலக்கி, போதையை விலக்கி, வீட்டாரிடம் கை ஓங்காது வாழும் இறையச்சம் எந்த நாட்டிலும் எந்தச் சட்டத்தின் கீழும் காவலாகும். ஓர் உடன்படிக்கையோடு ஒரு நாட்டில் நுழைந்தவர் அதனைப் பேணுவது அமானத் என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவோம். சினத்தில் ஓங்கிய கையும், இளமையில் நண்பர்களோடு செய்த ஒரு தவறும் கடல் கடந்த நாட்டில் என்ன விலை கேட்கும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லி அனுப்புவது பெற்றோரின் பொறுப்பு. பெட்டியில் ஊறுகாயும் துணிமணியும் வைத்து அனுப்பும் அக்கறையில் ஒரு பங்கையேனும் இதற்கும் செலவிடுவோமாக.

வல்ல நாயன் அல்லாஹ், தூர தேசங்களில் வாழும் நம் மக்களைத் தவறிலிருந்தும் அநீதியிலிருந்தும் காத்து, பிரிந்த குடும்பங்களை ஒன்று சேர்த்து, நீதி செலுத்துவோரின் உள்ளங்களில் இரக்கத்தை வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.